அன்று நான் ஏன் நின்றுகொண்டே இருந்தேன்

ஆலங்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிராங்க்ளினும் பாப்பா இனியாவும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம், ஆனால் எழுத மாட்டேன். அம்மா போனில் கை சுளுக்கு என்றாளே, அது சுளுக்கு இல்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அவள் விழுந்தபோது நான் பத்தடி தள்ளி நின்றேன், நின்றேன், அவ்வளவுதான். போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறானே மனுஷன் என்று நினைப்பாய், போனில் நீ அப்பா என்றதுமே மழை பெஞ்சுச்சா மோட்டார் ஓடுதா என்று பேசி வைத்துவிடுகிறேன், வேறு எதுவும் வாயில் வருவதில்லை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இங்கிலீஷ் கட்டுரையை அடுத்த வீட்டு ஆரோக்கியதாஸ் மகளைத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். சண்டை பார்த்துவிட்டு வந்து மனசு கெட்டுப்போன பட்டாளத்துக்காரர்களில் பாதிப் பேரைத் தியானத்திலும் பாதிப் பேரைப் பேச்சு சிகிச்சையிலும் விட்டுப் பார்த்தார்களாம், இரண்டிலும் குணம் தெரிந்ததாம், ஒன்று மட்டம் ஒன்று உசத்தி என்று அடித்துச் சொல்ல முடியாதாம். கீழே நீ எழுதியிருந்தாய், ரெண்டுல எதையாச்சும் ஒண்ணை முழுசா முடிங்கப்பா, முடிச்சதும் சொல்லுங்க, மே மாசம் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுலயே வந்து தங்குறேன் என்று. இரண்டு வருசமாக ஊருக்கு வந்தாலும் மாமியார் வீட்டோடு திரும்பிப் போகிற மகள் இப்படி எழுதினால் எந்த அப்பனுக்குத்தான் ஆசை வராது. என்னிடம் சர்ட்டிபிகேட்கூட இருக்கிறது, தியானம் பத்து வாரம் முடித்ததாக. அம்மா அதை லேமினேஷன் போட்டு உன் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். அதைப் படம் புடிச்சு அனுப்பிருங்க, புள்ள வரட்டும், மத்தத அப்பறம் பாத்துக்கலாம் என்று ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தினமும் கெஞ்சுகிறாள்.

தியானத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புதுக்கோட்டையில் ஒரு ஹாலில் குமரப்பன் என்பவர் நடத்துகிறார், திருமயம் பக்கத்துக்காரர், பாங்க்கில் மேனேஜராக இருந்தவர், தங்கமான மனுஷன். இது வேற சாமி சமாச்சாரமோ என்று உன் அம்மா முதல் நாள் என் சட்டைப் பையில் ஜெபமாலையைத் திணித்து அனுப்பினாள். மூச்சைக் கவனிங்க என்றார், கவனித்தேன். பட்டாளத்தான் புத்தி, முதல் வாரம் பூராவும் விறைப்பாக உட்கார்ந்து பக்கத்திலிருந்த எட்டுப் பேர் மூச்சையும் சேர்த்துக் காவல் காத்தேன். மூன்றாம் வாரம் தூக்கம் வந்தது, பிரஷர் இறங்கியது, பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பதுகூட நின்றுபோனது. ஆறாம் வாரம் அவர் சொன்னார், மனசுல எது வந்தாலும் வெரட்ட வேணாம், பின்னாடி போகவும் வேணாம், இருந்த எடத்துலயே இருந்து சும்மா பாத்துக்கிட்டு இருங்க என்று. மற்றவர்களுக்கு அது மருந்து, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் பாதியில் எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். இருந்த இடத்திலேயே இருந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்ததுதான் தாயி என் வியாதியே. மிச்ச வாரங்களில் கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டிவிட்டுத்தான் அந்த சர்ட்டிபிகேட்டை வாங்கி வந்தேன்.

பேச்சு சிகிச்சைக்கு இரண்டு இடத்தில் போனேன். முதலில் ஒரு பட்டாளத்து டாக்டர், எல்லாம் இந்தியில். காஷ்மீரில் என் கூட்டாளி செத்ததைத் தேதி, நேரம், இடம், எத்தனை பேர், யார் கொடுத்த ஆர்டர் என்று ரிப்போர்ட் மாதிரி கடகடவென்று ஒப்பித்தேன், நன்றாகப் பேசுகிறீர்கள் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார், வீட்டுக்கு வந்தால் எல்லாம் பழைய குருடிதான். இப்போது திருச்சியில் மணிமேகலை என்று ஒரு கவுன்சிலர், உன் வயசுதான் இருக்கும். அந்தப் பெண்ணிடமும் அதே ரிப்போர்ட்டைத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இதுல நீங்க எங்கய்யா இருக்கீங்க, அந்தக் கூட்டாளி உங்கள என்ன சொல்லிக் கூப்பிட்டாரு என்றது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் மூன்று நாள் நான் மனுஷனாக இல்லை, சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன், உன் அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன், கதவு தட்டினால் கட்டிலுக்கு அங்கிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன். நாலு தடவையோடு நிறுத்திவிட்டேன். தியானத்தில் கொஞ்சம் சுகமும் கிடைத்தது, ஒளிந்துகொள்ள இடமும் கிடைத்தது. பேச்சில் ஒளிய இடமே இல்லை, உன் கட்டுரைக்காரர்கள் இதை எழுதவில்லையே அம்மா.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. நீ மூன்றாம் வகுப்பு படித்த வருசம், காஷ்மீரில். ராக்கனை உனக்கு ஞாபகம் இருக்கும், கந்தர்வக்கோட்டைக்காரன், லீவுக்கு வந்தால் உனக்கு முந்திரிப்பழம் பறித்துக்கொண்டு வருவான். எங்கள் செக்‌ஷனில் தமிழ் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான். ஒரு ஓடை இறக்கத்தில் அவனுக்கு இடுப்பில் குண்டு பட்டது, எனக்கும் அவனுக்கும் நடுவே அறுபது எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும். மேலேயிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள், இருட்டும் வரை ஒருத்தரும் அசையக் கூடாது, சத்தம் கொடுக்கக் கூடாது என்று ஆர்டர். அப்போது மத்தியானம். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆபீசர் என் பக்கத்தில் ஊர்ந்து வந்து, என்ன சொல்கிறான் என்று இந்தியில் கேட்டார். சாமி கும்பிடுகிறான் சார் என்றேன். பொய். ஞானமணிண்ணே, தண்ணி கொண்டாங்கண்ணே, காலு வரமாட்டேங்குது, இங்கிட்டு வாங்கண்ணே, இதுதான் அவன் சொன்னது. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான் என்று தெரிந்தால், உன் ஊர்க்காரன், நீயே ஊர்ந்து போய்ப் பார் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். இத்தனை வருசமும் ஆர்டர் ஆர்டர் என்று சொல்லி வந்தேனே, ஆர்டரும் உண்டு, ஆனால் அந்தப் பொய்யை யாரும் ஆர்டர் போடவில்லை, அது என் பயம். நாலு மணி வாக்கில் அவன் சத்தம் நின்றது. இருட்டிய பிறகு போய்த் தூக்கினோம். அவன் ஆத்தா முத்தாளிடம் ஒரு நொடிகூடக் கஷ்டப்படலத்தா என்று சொன்னேன், அது என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. இன்றைக்கும் கந்தர்வக்கோட்டை பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இப்போது நம் தோப்புத் தொட்டிக்கு வருகிறேன். இரண்டு வருசத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் லீவில் பாப்பா பாசியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாத்தா தாத்தா என்று கூப்பிட்டது. எனக்கு நன்றாகக் கேட்டது அம்மா. தலை போ போ என்கிறது, கால் மண்ணில் ஊன்றிக்கொண்டது. நீ அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தது நான் நிற்பதைத்தான். மாப்பிள்ளை குதித்துத் தூக்கினார். ஏம்ப்பா நின்னுக்கிட்டே இருந்தீங்க என்று கேட்டாய், வெளையாடுதுன்னு நெனச்சேன் என்றேன். குடிச்சிருந்தீங்களா என்று கேட்டாய். அன்றைக்கு ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை, ஆனாலும் இல்லை என்று சொல்லவில்லை, குடிகார அப்பன் என்று நீ நினைத்துக்கொள்வதே தேவலை என்று இருந்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை அம்மா மாடிப்படியில் கடலைச் சாக்கை இறக்கும்போது சறுக்கினாள், என்னங்க என்னங்க என்று கூப்பிட்டாள், நான் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குழாயும் கையுமாக அப்படியே நின்றேன். வேலி தாண்டி ஆரோக்கியதாஸ் வந்து தூக்கினான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவள், வலியோடு வலியாக என் காலைத் தேய்த்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் சர்ட்டிபிகேட்டை நம்பி டிக்கெட் போடாதே. உனக்கு என்னென்ன சாமான் வாங்கி வைக்கலாம் என்று அம்மா இப்போதே பேசிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நான் எதையும் முடிக்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி திருச்சிக்குப் போகிறேன். மணிமேகலைக்குப் போன் செய்து தியானத்துக்கே திரும்பிப் போயிடட்டுமா என்று கெஞ்சிப் பார்த்தேன். மூச்சை வேணும்னா தொணைக்குக் கூட்டிக்கிட்டு வாங்கய்யா, ஆனா வந்து பேசத்தான் வேணும், நேர்ல வாய் வரலைன்னா நம்பிக்கையான ஒருத்தருக்கு மொதல்ல எழுதிப் பாருங்க என்றது. நம்பிக்கையான ஆள் என்றதும் எனக்கு உன்னைத் தவிர யாரும் தோன்றவில்லை, என்மேல் உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும். குணமாகுமா என்று கேட்காதே, சத்தியமாகத் தெரியாது. எங்கேயாவது கண் காணாமல் போய்த் தொலையலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது, அதை ஆரோக்கியதாஸிடமும் மணிமேகலையிடமும் சொல்லிவிட்டேன், பயப்படாதே. அவன் தினமும் டீ குடிக்கிற சாக்கில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான், சர்க்கரை போதவில்லை என்று சண்டை வேறு.

காதை மூடிக் குல்லாய் போடாமல் டூட்டிக்குப் போகாதே. மாப்பிள்ளையிடம் அன்றைக்கு அவர் குதித்ததற்கு நான் இன்னும் கைகூப்பவில்லை, நீ எனக்காகச் சொல். அம்மாவிடம் அடிக்கடி பேசு, நான் எழுதியது தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், பாப்பா நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

மறக்காமல் ஒன்று மட்டும் செய். அன்னைக்கு உங்களுக்கு வாய் தொறக்க முடிஞ்சிருந்தா கூப்பிட்டவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பீங்க என்று மணிமேகலை கேட்டது, அந்தப் பதிலை நான் இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் பாப்பாவை ஒரே ஒரு தடவை தாத்தா என்று கூப்பிடச் சொல். கூப்பிட்டுவிட்டு வைத்துவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல், எனக்குக் கொஞ்சம் நேரமாகும். இந்தா வாரேன் தாயி என்று நான் சொல்லி முடிக்கிற வரைக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானமணி