துக்கம் முடியாத கட்டம்

என் பாசத்துக்குரிய அண்ணே,

நீ போயிருக்கிற இடத்தில் எக்செல் உண்டா என்று தெரியவில்லை. இல்லாமல் இருந்தால் நல்லது. இங்கே நீ செய்துவைத்துவிட்டுப் போன ஒன்றுக்கே நான் ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறேன்.

உன் தலைத்திவசம் முடிந்த கையோடு, நம் செலண்டார் மாரியம்மன் கோயில் திருவிழாவின் உபயப் பட்டியல் வாட்சப்பில் வந்தது. எந்த நாள் பூசை எந்தக் குடும்பத்துடையது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். நம் குடும்பத்தின் பெயர் இல்லை.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பசாரில் மீன்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலே செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள். உனக்குப் பிறகு செயலாளர் ஆன குமரேசன் மேல்தான் சந்தேகம் போனது. "அண்ணே அண்ணே" என்று உன் பின்னால் சுற்றியவன், நீ கண்ணை மூடியதும் நம்மைக் கழற்றிவிட்டான் என்றே நினைத்தேன். புக்கிட் காத்திலில் என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவன் பதறவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினான்.

"நான் ஒன்னும் தொடல லா, அக்கா. அண்ணன் செஞ்ச ஃபைல்தான் இது. இங்க பாருங்க, 'துக்கம்'னு ஒரு கட்டம். அதுல 'ஆம்'னு இருந்தா பேரு லிஸ்ட்ல வராது. 'இல்லை'ன்னா வரும். அண்ணன் தவறுனப்ப நான்தான் 'ஆம்' போட்டேன். திருப்பி மாத்த மறந்துட்டேன், சாரிக்கா."

'இஃப்' என்று தொடங்கும் உன் ஃபார்முலாவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சாவு விழுந்த வீடு ஒரு வருடம் உபயம் எடுக்காது. அந்த வழக்கத்தை ஒரே வரியில் அடக்கியிருக்கிறாய், கெட்டிக்காரன்தான். ஆனால் வருடம் முடிந்த வீட்டைத் திரும்பக் கூப்பிட அதில் வழியே இல்லை. யாராவது ஞாபகம் வைத்திருந்து கையால் மாற்றினால்தான் உண்டு. குமரேசன் என் எதிரிலேயே மாற்றினான், நம் பெயர் வரிசையில் வந்து உட்கார்ந்தது.

அதோடு நான் கிளம்பியிருக்கலாம். கிளம்புவேனா? மவுசை வாங்கி அந்தக் கட்ட வரிசையைக் கீழே வரை ஓட்டிப் பார்த்தேன். இன்னொரு 'ஆம்' இருந்தது. ராஜம்மா அக்கா வீடு. அவர் கணவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

எனக்குத் திக்கென்றது, அண்ணே. கோயில் தேர்தலில் உன்னை எதிர்த்து நின்று, கூட்டத்தில் உன்னை வாய்க்கு வந்தபடி பேசிய மனுஷன் அவர். அவருக்குப் பிறகு துக்கம் கண்ட மற்ற வீடுகளையெல்லாம் நீ ஒழுங்காக 'இல்லை' ஆக்கியிருக்கிறாய். இந்த ஒரு வீடு எப்படி விட்டுப்போனது? மற்றவர்கள் போன் போட்டு உனக்கு ஞாபகப்படுத்தினார்களா? ராஜம்மா அக்கா வாய் திறக்காததால் விட்டுப்போனதா? இல்லை, நீதான் விட்டுவிட்டாயா?

அக்கா கோயிலுக்கு வருவது நின்றதும் அந்தச் சமயத்தில்தான். முழங்கால் வலியாக இருக்கும் என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டாவது வருசமும் பேரு வரலன்னதும், தாலியில்லாத வீட்டுப் படையல் வேணாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்மா," என்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"சாமி காரியத்தப் போயி கேட்டா வாங்குவாங்க?" என்றவர், என் முகத்தையே பார்த்தார். "உண்மையச் சொல்லு பரமேஸு. உங்கண்ணன் மறந்துட்டாரா, மனசுல வச்சுக்கிட்டாரா?"

அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது. கேட்பதற்கு நீ இல்லையே என்று அழுகையும் சேர்ந்து வந்தது. "மறந்துட்டாருக்கா," என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? அவர் நம்பினாரா என்றும் தெரியவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

குமரேசனோடு உட்கார்ந்து உன் ஃபார்முலாவை மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இப்போது அந்தக் கட்டத்தில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, இறந்த தேதி மட்டும்தான். ஒரு வருடம் நிறையாவிட்டால் பெயர் விடுபடும், நிறைந்துவிட்டால் தானாக வரிசைக்கு வந்துவிடும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உன் தேதியைத்தான் முதலில் தட்டினேன். இனி ஒரு வீடு திரும்பி வருவதற்குச் செயலாளரின் நல்ல ஞாபகமும் வேண்டாம், நல்ல மனசும் வேண்டாம்.

இந்த வருடம் முதல் நாள் உபயம் ராஜம்மா அக்காவுடையது. சர்க்கரைப் பொங்கல் எவ்வளவு பேருக்குப் பொங்க வேண்டும் என்று நேற்று கேட்டு அனுப்பினார். எல்லாருக்கும் என்று பதில் போட்டேன். அன்றைக்கு உன் பங்குக்கும் சேர்த்து நானே கை நீட்டி வாங்கிக்கொள்கிறேன்.

நீ மறந்துதான் போனாய் என்று யார் கேட்டாலும் சொல்வேன், உயிர் இருக்கும்வரை சொல்வேன். இது சத்தியம். ஆனால் நான் அங்கே வந்து சேர்ந்ததும், ராஜம்மா அக்கா கேட்டதற்கு நீ எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உன்னை விட்டுக்கொடுக்காத, உன்னை இன்னும் முழுசாக நம்பாத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பரமேஸ்வரி