மீன்காரம்மா நின்ற மூலை

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. அவருக்கு நைட் ஷிஃப்ட். என் பெண் பக்கத்தில் தூங்குகிறாள், மூன்று வயது. அவள் வாயிலிருந்து நம் பழைய மைதாப் பசையின் புளித்த வாடை இன்னும் போகவில்லை. அடிக்கொரு தரம் அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கிறேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பீரோவுக்குப் பின்னால் இருந்த, நாம் ஒட்டிய தாம்பரம் ஸ்டேஷன் படத்தை இழுத்துப்போட்டு, கீழ் மூலையைக் கிழித்து மென்றுவிட்டாள். மீன்காரம்மா நிற்கும் மூலை. பாதித் தாளை வாயிலிருந்து எடுத்தேன். மீதி வயிற்றுக்குள் போய்விட்டது.

தெருமுனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“பசையில என்னம்மா போட்டீங்க?”

“மைதா சார்.”

“மைதா மட்டுமா?”

பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்களே, அந்த நீல விஷக்கல். பசை காய்ச்சியது எப்போதும் நீதான். “தெரியல சார், ஃப்ரெண்டுதான் காய்ச்சினா.”

“அப்ப அவங்களக் கேளுங்க. நீலமா, பச்சையா வாந்தி எடுத்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. விடியற வரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க.”

நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

துண்டுகளை ஒட்டிப் படமாக்குவதைக் கொலாஜ் என்று காலேஜில் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். மீதியைச் சேலையூரில், உங்கள் மாட்டுக்கொட்டகை ஓரத்தில், நாமே கற்றுக்கொண்டோம். பஸ் டிக்கெட்டில் மின்சார ரயில், ரவிக்கைத் துணியில் பெண்கள், ஓலைத் துண்டில் மீன்கூடை. நான் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். நீ சிரித்தாய்.

“இன்னாடி இது, ரேஷன் க்யூவா? மொதல்ல நடந்தத அடியில ஒட்டு. அதும்மேல அடுத்தது. கொஞ்சம் கிழிச்சு வுடு, பாக்கறவங்க எட்டிப் பாக்கட்டும்.”

அப்படித்தான் மீன்காரம்மாவுக்கு அடியில் நீலத் தாளில் கடலை ஒட்டினாய். கோவளத்தில் இருட்டோடு பஸ் ஏறி வருகிறவள் அவள். முந்தானைக் கிழிசலில் மட்டும் ஒரு கீற்று நீலம் தெரியும். ஒரு தாள் கதை சொல்வதை அன்றுதான் பார்த்தேன்.

நான் அன்றும் பயந்தாங்கொள்ளிதான். ஒவ்வொரு தாளுக்கும், “துத்தம் போட்டியாடி? பூச்சி அரிச்சிடும்” என்பேன்.

“போட்டாச்சு, போட்டாச்சு. நீ இன்னா பூச்சியா, இவ்ளோ கவலப்படற?”

ஆனால் உங்கள் பசு வந்து பசைச் சட்டியை நக்குமே! நீ ஒருநாளும் அதை விரட்டியதில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. விஷம் கலந்திருந்தால் நக்க விட்டிருப்பாயா?

படத்தை மடியில் வைத்து விளக்கடியில் பார்த்தேன். என் பெண் கிழித்த இடத்தில், அடித்தாளில், கடல் முழுக்கப் பூச்சி அரித்த கோடுகள். துத்தம் இருந்தால் பூச்சி தின்றிருக்காது. அப்படியென்றால் என்னிடம் பொய்தான் சொல்லியிருக்கிறாய். அந்தப் பொய்யை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் மேல்தாளில் ஒரு பொத்தல்கூட இல்லை. மீன்காரம்மாவை ஒட்டியது மறுநாள், வேறு சட்டிப் பசையில். அன்று பசு வந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

எதைப் பார்த்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் உன்னிடமிருந்து வந்தது. இப்போது இவள் தூக்கத்தில் சிரித்தால்கூட விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறேன். இதோ, இருமினாள். உதட்டைத் துடைத்துப் பார்த்தேன். எச்சில்தான். வெள்ளை.

விடிய இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. அந்தக் கடைசிச் சட்டியில் துத்தம் போட்டாயா, இல்லையா? சீக்கிரம் பதில் போடு.