கூடுதுறைக்குப் போகாத கலயம்

பெருமாநல்லூர்
18-6-1993

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பட்டத்தரசியம்மன் துணை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. பனியன் யூனிட்டைத் திறந்துவிட்டேன், தையல் மிஷின் சத்தத்தில் பகல் எப்படியோ போய்விடுகிறது, உன் அம்மா இல்லாமல் சாப்பிட உட்காரும்போதுதான் தாங்க முடியவில்லை.

உன் கடிதம் வந்தது. மியூசியத்தில் கண்காட்சி முடியாமல் ஜெர்மனியை விட்டு நகர முடியாது, அம்மா அஸ்தியைக் கிட்டுசாமி அண்ணனே கரைத்துவிடட்டும் என்று எழுதியிருக்கிறாய். நீ வந்து சேர முடியாதென்று கொள்ளி வைக்க அவனை நான்தான் கூப்பிட்டேன். கலயத்தை மட்டும் கொடுக்கவில்லை. தோட்டத்து வேம்பில் தொங்குகிறது, மழை இறங்காமல் இருக்க வாயைப் புதுப் பனியன் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். அவன் தினமும் வந்து, "பொட்டப்புள்ள கூடுதுறைல எறங்கிக் கரைச்சா சனம் சிரிக்காதுங்களா சித்தப்பா, எங்கிட்டக் குடுங்க" என்கிறான். நல்லவன்தான், ஊர் வாய்க்குப் பயப்படுகிறான்.

எனக்கும் அந்தப் பயம் உண்டு. நீ அங்கே லாமாக்களின் பூசை மணிகளையும், மனித எலும்பில் செதுக்கி அவர்கள் பூசையில் அணிகிற மாலைகளையும் துடைத்துப் பாதுகாக்கிறாய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமி சாமான் பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். எலும்பு என்றால் தீட்டு, உன் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். ஆனால் உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும், "ஊரு பேரு தெரியாதவங்க எலும்பையே என்ற புள்ள பக்குவமாத் தொடச்சு வெக்கறா, என்னுதையும் அவளே கரைக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். மகராசி, போகிற போக்கில் என்னையும் மாட்டிவிட்டுப் போனாள்.

உன் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அந்த மாலைகளைப் பற்றிப் படித்த அன்றைக்கு, "அந்த எலும்புக்காரங்க ஊட்டு ஆளுங்க ஒருத்தருமே தேடி வல்லீங்களா" என்று கேட்டாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. கண்காட்சி முடிந்தே வா, அதுவரை கலயத்தை யாரும் தொட விடமாட்டேன். தேதி தெரிந்தால் யூனிட் போனுக்குக் கூப்பிடு. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மாவைத் தேடி வர நீ ஒருத்திதான் இருக்கிறாய், அதை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மருதாசலம்