மெடல் விளிம்பில் கண்மை

தென்காசி,
ஆடி 22

அன்புள்ள குமரகுருவுக்கு அம்மா எழுதுவது. பண்பொழி திருமலைக் குமரன் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். புளியங்குடி எலுமிச்சங்காயில் ஊறுகாய் போட்டு அனுப்பியிருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம்.

இந்த வருஷம் நல்ல சீசன். குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது, சாரல் நம் வாசல் வரை வந்து போகிறது, துணிதான் காயமாட்டேன் என்கிறது. சாரல் விழும்போது வீட்டில் வேறு சத்தமே இருக்காது, அப்பா அலமாரியில் சேர்த்துவைத்திருக்கும் பழைய வாட்சுகள் பதினொன்றும் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு ஓடுவது மட்டும் கேட்கும். நானும் எந்த நேரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். சித்திரையில் வாட்ச் கடை முகம்மது சலீம் பாய் அவருக்கு ஒரு மெடல் கொண்டுவந்து கொடுத்தார். முதல் உலகப் போருக்குப் போன சிப்பாய்க்குக் கொடுத்த வெள்ளி மெடலாம். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், விளிம்பில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு நம்பரும் சுடலையாண்டி என்ற பேரும். அன்றிலிருந்து காலையில் காப்பி குடித்ததும் லென்ஸை வைத்து அந்தப் பேரை வாசிப்பார், பிறகு கதை சொல்லுவார். சுடலையாண்டி கப்பல் ஏறிப் போனானாம், ஈராக் பக்கம் பாஸ்ராவில் மணலைப் பார்த்துக்கொண்டு காவல் நின்றானாம், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லையாம், ஐந்தருவிச் சத்தம் அவன் காதிலேயே தங்கிவிட்டதாம். எல்லாம் அவராகச் சொல்வதுதான். நானும் ம் கொட்டுவேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் உன் அப்பா என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள் விளக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்துத் துலக்கினேன். இந்த மெடல் மேசையில் கருத்துக் கிடந்தது. வெள்ளிதானே என்று திருநீற்றைத் தொட்டுப் பழைய பிரஷால் முதலில் விளிம்பைத் தேய்த்தேன். தொடாதே தொடாதே என்று அவர் நூறு தடவை சொன்னதுதான், என் கை சும்மா இருக்கவில்லை. தேய்ந்த எழுத்துக்குள் இருந்த அழுக்குதான் இத்தனை நாள் பேரைக் காட்டியிருக்கிறது, அது போனதும் பேரும் போய்விட்டது. பயந்துபோய் அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். மறுநாள் அவர் லென்ஸைத் துடைத்தார், கண்ணாடியை மாற்றினார், ஜன்னலுக்குக் கொண்டுபோனார். போன வருஷம் ஆபரேஷன் செய்த கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கதையும் நின்றுபோனது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாட்சாகத் தடவி எது எது என்று பழகிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன்னை வெளிச்சத்துக்கு வாலே என்று கூப்பிட்டு, பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாரே, நெட் சிக்கிவிட்டதா என்று நீ கேட்டாயே, அது இதனால்தான்.

திங்கட்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. என் கண்மையை விரலில் எடுத்து விளிம்பில் தடவித் துணியால் துடைத்தேன், எழுத்து கருப்பாக எழும்பி நின்றது. கொண்டுபோய்க் கையில் கொடுத்து, உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, நான்தான் தேய்த்துத் தொலைத்தேன் என்றேன். வாசித்தார். திட்டுவார் என்று நின்றேன், அப்பம் நம்ம பயல இன்னும் ரொம்ப நாளு பாக்கலாம் என்னட்டி என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் சாப்பிட்ட பிறகுதான் வந்தது, இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. இன்று காலை சுடலையாண்டி பாஸ்ராவிலிருந்து ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் பக்கம் வந்து நில். நெட் சிக்கிவிட்டதா என்று கேட்காதே, அவர் பார்க்கட்டும்.

உன் அம்மா,
லோகநாயகி