அறுபத்து நான்கு இரும்புக் கட்டிகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடலளவில் குறையின்றி இருக்கிறோம். நீயும் வேளைக்கு உண்டு, உறங்கி, நலமாக இருக்கிறாய் என்ற ஒரு வரிக்காகப் பதினொரு நாட்களாகக் காத்திருக்கிறோம். அம்மாவின் இரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. குளியலறைக் குழாயை மாற்றிவிட்டேன். உன் அறையின் ஜன்னல் கதவு மழையில் ஊறி மூட மறுக்கிறது, தச்சர் இதோ வருகிறேன் என்று சொல்லியே இரண்டு வாரம் ஓட்டிவிட்டார். சித்தி இப்போதும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இங்கே வந்து இரு என்று அம்மா எத்தனை முறை அழைத்தாலும், "அவர் செருப்பு வாசல்லயே கிடக்கு அக்கா, நான் எப்படி வர்றது" என்று ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

இதைத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். வடிவமைப்பு அலுவலகத்தில் நீ ராஜினாமா கொடுத்துவிட்டாய் என்று அம்மா மூலம் அறிந்தேன். "என் கணக்குதான்மா சித்தப்பாவைக் கொன்னுடுச்சு" என்று நீ அவளிடம் சொன்னதையும் அறிந்தேன். அதை என்னிடம் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த வாக்கியம் தவறு. இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை, ஆறுதல் சொல்ல எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். கீழே எழுதியிருப்பதை வரிசை மாறாமல் படி. உன் சித்தப்பாவை இதில் அவன் என்றே குறிப்பிடுகிறேன், எனக்கு அவன் தம்பி.

தன் மீன்பிடிப் படகுக்குப் புது என்ஜின் பொருத்தி, பின்பக்கம் உயரமாக ஓர் ஓட்டுநர் அறையும் கட்ட வேண்டும் என்று அவன் முடிவு செய்தபோது, அந்த அறையைப் படகு தாங்குமா என்ற கணக்கை நீதான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். நீ கப்பல் வடிவமைப்புப் படிக்க விரும்பியபோதும், தயங்கிய என்னிடம் "அண்ணனுக்குக் கப்பல்ல ஓட்டை பாக்கத்தான் தெரியும், என் பொண்ணு கப்பலையே வரைவா" என்று நாள் முழுவதும் வாதாடி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கியவன் அவன்தான். உன் கணக்குக்கு அடிப்படையான சாய்வுச் சோதனையை, புது என்ஜின் ஏறிய பிறகு, அறை கட்டும் முன், கப்பல் ஆய்வாளன் என்ற முறையில் நான் செய்து கொடுத்தேன். தம்பியின் படகை அண்ணன் ஆய்வு செய்யக்கூடாது என்று எங்கள் விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

அன்று காற்று இல்லை, தண்ணீர் அசையாமல் இருந்தது. எடை தெரிந்த கற்களைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, படகின் பாரம் எந்த உயரத்தில் குவிந்திருக்கிறது என்று கண்டேன். இதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. படகின் உடலோடு சேராத எந்தப் பொருள் உள்ளே கிடந்தாலும் பட்டியலிட்டுக் கழிக்க வேண்டும், கழிக்காவிட்டால் அது படகின் சொந்த எடையாகக் கணக்கில் ஏறிவிடும். அதற்காகத் தளத்துக்கு அடியில் உள்ள அறைகளின் ஒவ்வொரு மூடியையும் நானே திறந்து, உள்ளே இறங்கிப் பார்ப்பது என் வழக்கம். துறைமுகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னை மூடிதிறந்தான் என்று அழைப்பதும் எனக்குத் தெரியும். அந்தப் படகில் ஒன்பது மூடிகள். எட்டைத் திறந்தேன். ஒன்பதாவது பின்பக்க அடியறைக்கு உரியது, அதன்மேல் நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வலைக்குவியல் இருந்தது. எடுக்கச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "அங்க ஒண்ணும் இல்லண்ணா. ஊரையெல்லாம் சந்தேகப்படுற மாதிரி என்னையும் படுவியா? கூடப்பிறந்தவன்தானே நான்" என்றான். வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் அவன் முகம் வாட வேண்டாம் என்று நினைத்தேன். படிவத்தில் ஒன்பதாவது மூடிக்கு எதிரே, திறந்து பார்க்கப்பட்டது, காலி, என்று என் கையால் எழுதினேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, படகில் வேலை செய்த பட்டறையின் வெல்டர் என்னைத் தேடி அலுவலகம் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "புது என்ஜின் வெயிட்டு கம்மி சார், படகு பின்னால தூக்கிக்கிட்டு நின்னுச்சு. அண்ணன் வந்து பாக்கும்போது கோணலா நின்னா என் மானம் போயிடும்டானு சொல்லி உங்க தம்பிதான் அடியில இரும்பை அடுக்கச் சொன்னாரு. அப்புறம் பின்னால அந்த ரூமைக் கட்டினதும் படகு தானா நேரா உக்காந்துடுச்சு. இனி எதுக்கு இந்தப் பாரம்னு எடுத்துட்டோம் சார். அது தப்புன்னு எங்களுக்குத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் அவருடனேயே பட்டறைக்குப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்கள். எண்ணினேன், நிறுத்தேன். அறுபத்து நான்கு கட்டிகள், கட்டி ஒன்றுக்கு இருபத்தைந்து கிலோ, மொத்தம் ஆயிரத்து அறுநூறு கிலோ. படகின் அடியில் கிடந்து அதை நிமிர்த்தி வைத்திருந்த பாரம் அது. அதைப் படகின் உடல் என்று உனக்கு எழுதிக் கொடுத்தவன் நான். உன் கணக்கை முதல் வரியிலிருந்து திரும்பப் போட்டேன். இரும்போடு சேர்த்தால் அந்த அறையைப் படகு தாங்குகிறது, நீ விட்டிருந்த பாதுகாப்பு இடைவெளி விதி கேட்பதைவிட அதிகம். இரும்பை எடுத்துவிட்டால் தாங்கவில்லை. நீ எழுதியதில் ஓர் இலக்கத்தைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. வலையை இழுக்கும்போது படகு கவிழ்ந்தது, தளத்தில் நின்ற இருவர் நீந்திப் பிழைத்தார்கள், மேலே அறைக்குள் இருந்த அவன் வெளியே வர முடியவில்லை. இவை எல்லாம் அந்த ஒன்பதாவது வரியிலிருந்து வந்தவை.

அவன் தெரிந்தே பொய் சொன்னானா, அல்லது அந்த இரும்பை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு அவன் இல்லை. விருந்தாளி வரும் முன் வீட்டைப் பெருக்கி வைப்பதுபோல அவன் எனக்காகப் படகை நேராக நிறுத்தி வைத்திருக்கிறான். இதை எழுதும்போது பேனாவை இரண்டு முறை கீழே வைத்துவிட்டேன்.

சித்தியிடம் நேரில் போய்ச் சொன்னேன். "போனவரை மறுபடியும் கூண்டுல ஏத்தணுமா மாமா" என்று கேட்டாள். கூண்டில் ஏறப்போவது நான் என்றேன், அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. உன் அம்மா, "இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தீங்க, அதுவும் இப்படியா போகணும்" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி முன் வாக்குமூலம் கொடுக்கிறேன். என் உரிமம் போகும், வழக்கும் வரலாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஆறு நாட்கள் ஆகும், அதற்குள் எல்லாம் பதிவாகியிருக்கும். தொலைபேசியில் சொல்லியிருந்தால், வேண்டாம்பா, பழி என்மேலேயே இருக்கட்டும் என்று நீ சொல்லியிருப்பாய். வெல்டர் வந்துபோன பிறகு மூன்று நாட்கள் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் நீ அறிய வேண்டும். நீ அப்படிச் சொன்னால் நான் சம்மதித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

எடைப் பட்டியலும் திருத்திய அளவுகளும் நான்கு தாள்களில் இணைத்திருக்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக ஏற்காதே, நீயே உட்கார்ந்து போட்டுப் பார். விடை வந்ததும், இருபத்தெட்டாம் தேதிக்குள் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள், அதற்குப் பின் கேட்டால் அவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. நீ வரையும் கப்பல்கள் எல்லாம் ஏறியவர்களைக் கரைசேர்க்கட்டும், உன் கையும் மனமும் திடமாக இருக்கட்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

மறவாமல் சித்திக்குப் போன் செய். அவள் எடுக்காவிட்டாலும் மறுநாள் செய். அன்று நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்துப் படியிறங்கும்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள், "பொண்ணு அங்க தனியா கிடக்காளே, ஒழுங்கா சாப்பிடுறாளா?" எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அப்பா