ஸ்லைடில் காணாமல் போன கூடு

1984 ஜனவரி 17, செவ்வாய். பெர்கன்.

மழை. நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படம் முடிந்தது. வட கடலின் அடியிலிருந்து துளைத்தெடுத்த பாறையை அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய பொடியை ஜெல்லியில் கலந்து கண்ணாடி ஸ்லைடில் ஒட்டினேன். டைனோஃபிளாஜெலேட் என்னும் ஒற்றைச்செல் கடலுயிரின் பழங்காலக் கூடுகள் நிறைய; அவற்றில் வித்தியாசமாக ஒன்றே ஒன்று. மணல் துகளைவிடச் சிறியது. முதுகில், உள்ளிருந்த உயிர் வெளியேறிய வாசல். கொம்புகளின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை. புது இனம்தான்! ஆனால் இந்த ஒற்றைக் கூடுதான் மூல மாதிரி. இது இல்லாமல் நான் வைக்கும் பெயர் நிற்காது. எடுத்த புகைப்படங்களோ எல்லாம் மங்கல்.

சாப்பாட்டு மேசையில் ஹோவார் கேட்டான், "என்ன குன்வோர், ஒரே ஸ்லைடையே கட்டிக்கிட்டு அழுவுற?" வருடக்கணக்காக எதிர் அறையில் இருப்பவன், என்னைப் போலவே கூடுகளை ஆராய்கிறவன். அவனுக்கு ஏன் இந்த அக்கறை?

ஜனவரி 19

ஸ்லைடைப் பொது அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். என் அறையில், புத்தகங்களுக்கு நடுவே செருகி வைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

ஜனவரி 24

நேராகவே கேட்டுவிட்டான். "உன் புதையலைக் கொஞ்சம் காட்டேன்." மறுத்தால் அசிங்கம். கூடு இருக்கும் இடத்தையும் என் நோட்டைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கழித்துத் திருப்பித் தந்தான். "சரி" — அவ்வளவுதான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாழ்த்து சொன்னால் வாய் வலிக்குமா? ஏதோ இருக்கிறது.

ஜனவரி 25

கூடு இல்லை. குறித்த இடத்தில் வெறும் ஜெல்லி.

காபி அறைக்கே போய்க் கத்திவிட்டேன். எங்கள் துறைத் தலைவர் அஸ்லாக், "கண்ணாடிக்கு அடியில இருக்கிறதை எப்படிம்மா எடுப்பான்?" என்றார்.

"மேல் கண்ணாடியைக் கழட்டி மறுபடி ஒட்ட அவனுக்குத் தெரியாதா? திருட்டுப் பய!"

எல்லாரும் இருந்தார்கள். ஹோவார் காதுவரை சிவந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமில்லாதவன் பேசாமல் இருப்பானா?

ஜனவரி 28, சனி

ஆளில்லாத கட்டடத்தில் ஸ்லைடை வரி வரியாகத் தேடினேன். கிடைத்துவிட்டது. கண்ணாடியின் ஓரத்தில், குப்புறப் புரண்டு. அது மட்டுமல்ல, மற்ற எல்லாக் கூடுகளும் ஒரே ஓரத்துக்குச் சரிந்திருந்தன. சூடு பட்டால்தான் ஜெல்லி இளகும்.

புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டேன். ஹீட்டர் குழாய் கொதித்தது.

ஸ்லைடைப் படுக்கைவாக்கில்தான் வைக்க வேண்டும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நானே சொல்லித்தருவது. ஒளித்துவைக்கும் அவசரத்தில் நிமிர்த்திச் செருகியிருக்கிறேன்.

புரண்டதில் வாசல் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. கூட்டின் ஓட்டில் ஒற்றைத் தகடு மட்டும் கழன்ற வாசல். சந்தேகமே இல்லை, புது இனம். சந்தோஷம்தான் வரவில்லை.

ஜனவரி 30

ஹோவாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். குழாய், ஜெல்லி, எல்லாம். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ குடுத்த அன்னிக்கே அது அங்க இல்ல குன்வோர். தேடித் தேடிப் பார்த்தேன். இல்லாத ஒண்ணை நீயா வரைஞ்சிட்டியோன்னு பயந்துட்டேன். அதான் வாயைத் தொறக்கல."

"நான் உன்னைத் திருடன்னு சொன்னப்பகூடவா?"

"அப்ப அதைச் சொல்லியிருந்தா உன் பேரு என்ன ஆகியிருக்கும்?"

அழுதுவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

பிப்ரவரி 8

புது வாசலைப் படமெடுத்துக் கட்டுரையை அனுப்பியாயிற்று. சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். ஹோவாரும் சிரித்தான், பழுப்புச் சீஸை என் பக்கம் நகர்த்தினான். அப்பாடா என்றிருந்தது.

பிப்ரவரி 21

ஹோவார் ஒரு ஸ்லைடு கொண்டுவந்தான். "இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்." இத்தனை வருடமாக ஸ்லைடை என் மேசையில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவான். இன்று நான் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தான், ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்காமல்.