ஏலே முத்தையா

1983 மார்ச் 7, திங்கள்

காலையிலேயே வெயில். மோட்டார் ரிப்பேர் கடையில் இரண்டு மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டி முடித்தேன். கராத்தே உடுப்பு துவைக்கணும். ஞாயிறு பச்சை பெல்ட் தேர்வு.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். கம்பம் திராட்சை மண்டியில் பெட்டி ஏற்றுகிறார், பதினைந்து வருஷமாக. முதலாளி மகன் சந்திரன் ஜீப்பில் உட்கார்ந்தபடியே, "ஏலே முத்தையா, இங்கன வாடா" என்றான். அப்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவனுக்கு என் வயது, இருபத்திரண்டு. அப்பா தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். தூக்குவாளியை அங்கேயே கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதே சந்திரன்தான் வாரம் மூன்று நாள், அரிசி ஆலை மாடியில், கராத்தே வகுப்பில் என் முன்னால் குனிந்து வணக்கம் வைக்கிறவன். எனக்குக் கும்பிடு, என்னைப் பெற்றவருக்கு ஏலே. இது என்ன நியாயம்?

மார்ச் 8, செவ்வாய்

அப்பாவிடமே கேட்டேன். "சின்னவரு அவசரத்துல கூப்பிட்டாக. அதுக்கென்ன இப்ப?"

கூப்பிட்டாகளாம்! அந்தப் பயலுக்கு மரியாதை வேறு. சாப்பிடாமல் எழுந்தேன். அம்மா: "சோத்து மேல கோவிக்கத்தான் மாடி ஏறிக் கராத்தே படிக்கிறியாக்கும்?"

மார்ச் 9, புதன்

வகுப்பு. மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும் மாஸ்டர் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். மூச்சை மட்டும் கவனிக்கணுமாம். மூச்சு ஏலே, ஏலே என்றே போய்வந்தது.

வெளியே யார்மேலாவது கை வைத்தால் பெல்ட்டைப் பிடுங்கி அனுப்பிவிடுவார். சரி. உள்ளே வைத்தால்? பட்டியல் ஒட்டிவிட்டார்கள். தேர்வில் என் ஜோடி சந்திரன். குத்து முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கணும், அதுதான் விதி. கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூக்கு. மூக்குத்தான்.

மார்ச் 13, ஞாயிறு

பாஸ்.

மூன்றாவது குத்துக்குச் சந்திரன் முகம் திறந்து கிடந்தது. கை போனது. நின்றது. இடைவெளி ஒரு விரற்கடைகூட இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். ஒரு வாரக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பாடா, என்ன நிம்மதி!

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? படி இறங்கும்போது, "இன்னிக்கு நிறுத்திட்டேன். இனிமே எங்கப்பாவ வாங்க போங்கன்னு கூப்பிடு" என்றேன். முகம் வெளுத்துப்போய், "சரி" என்றான்.

கடைத்தெருவில் பரோட்டா நாலு, சால்னா. ஜெயித்தாயிற்று.

மார்ச் 14, திங்கள்

அப்பா சாயங்காலம் வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நச்சரித்த பிறகுதான் சொன்னார். காலையில் சந்திரன் ஜீப்பை விட்டு இறங்கி, எங்கள் கராத்தே வணக்கம் போலவே குனிந்து, "வாங்க முத்தையா அவர்களே, பெட்டி தூக்குறீங்களா?" என்றானாம். மண்டியே சிரித்ததாம். அப்புறம் பெட்டிக்குப் பெட்டி அதே. தூக்குங்க அவர்களே, இறக்குங்க அவர்களே. கூட வேலை செய்கிறவர்களும் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையிலும் அதே பேச்சாம்.

அயோக்கியப் பயல்! எழுந்தேன். அப்பா வாசலை மறித்தார்.

"ஏலேன்னப்பகூட எனக்கு அங்கன ஒரு மூஞ்சி இருந்துச்சுடா. வாங்கன்னு சொல்ல வச்சு அதையும் பிடுங்கிட்டியே. சின்னவரு மேல கை நீட்டுனா, நான் செத்தேன்னு நெனச்சுக்க. நாளைக்குப் போயி, பழையபடியே கூப்பிடச் சொல்லிட்டு வா."

மார்ச் 15, செவ்வாய்

கடைக்கு லீவு. மண்டிக்குப் போனேன். சந்திரன் தராசுக்குப் பக்கத்தில். சுற்றி எட்டுப் பத்துப் பேர், அப்பாவும். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

"எங்கப்பாவ பழையபடியே கூப்பிடு."

"பழையபடின்னா எப்படி? நீயே ஒருவாட்டி கூப்பிட்டுக் காட்டு."

அப்பா தலையை ஆட்டினார், கூப்பிடு என்று.

கூப்பிட்டேன்.